ரசீது யார் பேருக்கு?

எங்கள் நிறுவனத்தைக் குட்டிச்சுவராக்கியவள் ஹிமேஜியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி. இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் முதலாளி ஷியோமி. சம்பளம் கொடுப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்களும் தலையாட்டினோம்.

நிறுவனத்தின் பெயர் கொகேரா. ஒசாகாவில் பொத்தான் மொத்த வியாபாரி ஒருவரின் கடைக்கு மேல் மாடியில் பதினொரு பேர் உட்கார்ந்து வீடியோ கேம் செய்தோம். அதைக் கேசட்டில் அடைத்து, பெட்டியில் போட்டு விற்பது தொழில். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கருத்து அட்டை இருக்கும். விளையாடியவர்கள் பிடித்தது பிடிக்காதது எழுதித் தபாலில் போடுவார்கள். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கையால் பதில் எழுதுவது என் வேலை.

1994 ஜனவரி பதினொன்றாம் தேதி வந்தது 412ஆம் எண் அட்டை. அது எங்கள் அட்டையே இல்லை. அஞ்சலகத்தில் விற்கும் சாதாரண அட்டை. அதில் இப்படி எழுதியிருந்தது:

‘பனி தள்ளும் ரயில் ரொம்பப் பிடித்திருக்கிறது. மூன்று முறை கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டேன். பழைய கேசட் கடையில் 1480 யென்னுக்கு வாங்கினேன். பெட்டியில் அட்டை இல்லை, அதனால் அப்பாவிடம் கேட்டு இதில் எழுதுகிறேன். இரண்டாம் பாகம் எப்போது வரும்? அதைப் புதிதாகவே வாங்கப் புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கொடுத்த காசைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன்.’

முதலாளி 1480 என்ற எண் வரைக்கும் படித்தார். அதற்கு மேல் படிக்கவில்லை.

“முகாய், இது என்னய்யா?”

“பாராட்டு சார்.”

“பாராட்டா? நம்ம கேசட் 8800 யென். இந்தப் பொண்ணு 1480 குடுத்திருக்கு. அதுல நமக்கு எவ்வளவு வந்துது?”

“ஒண்ணும் வரல சார்.”

“ஒண்ணும் வரல! கடைக்காரனுக்கு வந்துது, முன்னாடி வாங்கினவனுக்கு வந்துது, அட்டை வித்த போஸ்ட் ஆபீசுக்குக்கூட வந்துது. செஞ்சவனுக்கு நாமம்!”

பக்கத்து மேசையிலிருந்து நுகாதா தலையைத் தூக்கினாள். பனி தள்ளும் ரயில் அவளுடைய கற்பனை. அவளும் அவளுடன் மூன்று பேரும் இரண்டு குளிர்காலம் ஹொக்கைதோவுக்குப் போய், ரயில் முன்னால் பனி எப்படிச் சிதறுகிறது என்று பார்த்து வரைந்தது. அந்த விளையாட்டில் பனியைத் தள்ள வேண்டும். தள்ளி முடித்தால் அடுத்த ஸ்டேஷன். அங்கேயும் பனி.

“அந்தப் பொண்ணு ரெண்டாம் பாகம் கேக்குது சார்.”

“கேக்கும், கேக்கும். திருடின வீட்டுக்கே வந்து, அடுத்த தடவை பீரோவ எப்பத் தொறந்து வைப்பீங்கன்னு கேக்குற மாதிரி.”

எட்டாயிரம் கேசட் செய்திருந்தோம். மூவாயிரம் இன்னும் பக்கத்து ஊரான சகாயில் ஒரு கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது. விலை அதிகமோ, விளம்பரம் போதாதோ, பனி தள்ளுவதில் பொதுமக்களுக்கு ஆர்வம் குறைவோ என்றெல்லாம் யோசிக்க இடமிருந்தது. முதலாளி அப்படி நேரத்தை வீணாக்குகிறவர் அல்ல. குற்றவாளி கிடைத்துவிட்டாள், வயது பதினொன்று.

அன்று மதியமே கூட்டம் போட்டார். மார்ச் 31க்குள் அந்த மூவாயிரமும் விற்றாக வேண்டும். விற்றால் இரண்டாம் பாகம். விற்காவிட்டால் நுகாதாவின் குழு கலைக்கப்படும். நால்வரும் பச்சிங்கோ சூதாட்ட இயந்திரங்களுக்கு மீன் வரையப் போகலாம். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் கேட்டிருந்தார்கள்.

“என்ன மீன் சார்?” என்று நுகாதா கேட்டாள்.

“சிரிக்கிற மீன்.”

நுகாதா சிரிக்கவில்லை.

பிறகு முதலாளி வெள்ளைப் பலகைக்குப் போய் ஒரு வட்டம் வரைந்து அதைக் குறுக்கே அடித்தார். “பழசே கிடைக்கலன்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க?”

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்:

“புதுசு வாங்குவாங்க! சந்தையில இருக்குற பழைய கேசட் அத்தனையும் நாமளே வாங்கிடுவோம். யாருக்கும் தெரியாம. விளம்பரத்துக்கு வச்சிருந்த பணம் இருக்கில்ல?”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வாங்கி வரும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஒழுங்காக வேலை செய்கிறவன் என்றார்கள். ஒசாகாவில் எங்கெங்கே பழைய கேசட் கடை இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்து, கிழமைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டேன். முதலாளி தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். “மாறுவேஷத்துக்கு” என்றார்.

முதல் கடை நிப்பொன்பாஷித் தெருவில் ‘தனுகி’ என்ற கடை. கடையை நடத்தியவர் மினோவா என்ற அம்மாள்; வயது ஐம்பதுக்கு மேல், மூக்குக் கண்ணாடி இரண்டு, ஒன்று கண்ணில், ஒன்று தலையில். சுவர் முழுக்கக் கேசட். ஒவ்வொன்றின் கீழும் அவர் கையால் எழுதிய ஒரு சிபாரிசு அட்டை. எங்கள் கேசட்டின் கீழே இருந்தது இது: ‘பனி தள்ளும் ரயில். பனி தள்ளலாம். வேறு ஒன்றும் செய்ய முடியாது. வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. 1280.’

மூன்று இருந்தன.

“மூணையும் குடுங்க.”

“மூணுமேயா? ஒரே கேசட்ட மூணு வாங்கி என்ன அண்ணே பண்ணுவீங்க, இட்டிலித் தட்டு அடுக்குற மாதிரி அடுக்கப் போறீங்களா?” என்று அவர் கேட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒசாகாவில் இட்டிலி ஏது? அவர் சொன்னது ஊறுகாய் ஜாடி. விஷயம் ஒன்றுதான்.

“எனக்கு மூணு தங்கச்சிங்க” என்றேன்.

“சண்ட வராம மூணு பேருக்கும் ஒண்ணொண்ணா? தங்கமான அண்ணன். ரசீது வேணுமா?”

“வேணும்.”

“யார் பேருக்கு?”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறுவனப் பணத்தில் வாங்கும் எதற்கும் நிறுவனத்தின் முழுப் பெயரில் ரசீது வேண்டும்; இல்லாவிட்டால் கணக்குப் பிரிவு காசு தராது. ஒருவர் தான் குடித்த காப்பிச் செலவை நிறுவனத் தலையில் கட்டிய நாளிலிருந்து முதலாளி போட்ட விதி. விதி என்றால் விதி.

“கொகேரா நிறுவனம்” என்றேன்.

மினோவா எழுதினார். எழுதிவிட்டு, கையிலிருந்த கேசட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே கொகேரா என்று அச்சடித்திருந்தது. ரசீதைப் பார்த்தார். மறுபடி கேசட்டைப் பார்த்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி என் தொப்பியைப் பார்த்தார்.

“உங்க தங்கச்சிங்க பெரிய எடத்துல இருக்காங்க போல” என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார்.

அன்று பதினான்கு கடைக்குப் போனேன். பதினான்கிலும் ரசீது வாங்கினேன். ரகசியமாக.

சாயங்காலம் இந்தச் சிக்கலை மூன்று குறிப்புகளாக எழுதி முதலாளியின் மேசையில் வைத்தேன். மறுநாள் காலை அது சிவப்பு மையில் ‘ரசீது கட்டாயம்’ என்ற வரியுடன் திரும்பி வந்தது.

மூன்றாம் வாரத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர்கள், “ரசீது கொகேரா பேருக்குத்தானே?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் நேரம் மிச்சமாகட்டும் என்று முன்னாடியே பத்து எழுதி வைத்திருந்தார். தெருவில் மூன்று வதந்திகள் ஓடின. கேசட்டில் ஏதோ கோளாறு, அதனால் திரும்பப் பெறுகிறார்கள் என்பது ஒன்று. ஏதோ ஒரு கேசட்டில் மட்டும் யாரும் பார்க்காத ஸ்டேஷன் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது இரண்டாவது. கொகேரா மூடப் போகிறது, இனி இந்தக் கேசட் செய்யவே மாட்டார்கள் என்பது மூன்றாவது. நுகாதா மூன்றாவதை மட்டும் நம்பினாள்.

மினோவாவின் கடையில் சிபாரிசு அட்டை மாறியிருந்தது: ‘செய்தவர்களே தேடித் தேடி வாங்கும் கேசட்! ஏன் என்று எங்களுக்கும் தெரியாது! 3980.’

அடுத்த வாரம் 6480. பிப்ரவரிக் கடைசியில் 9200.

“பழசு எப்படிய்யா புதுசவிட ஜாஸ்தி?” என்று முதலாளி கூட்டத்தில் கேட்டார்.

“தட்டுப்பாடு சார்.”

“யாரு பண்ணின தட்டுப்பாடு?”

கூட்டம் நடந்த அறையில் சுவரோரமாக அறுநூற்று நாற்பது பழைய கேசட் அடுக்கியிருந்தது. நாற்காலி போட இடமில்லாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தோம்.

ஆனால் ஒன்று நடந்தது. பழையது 9200 என்றதும், புதியது 8800க்குக் கிடைப்பது மலிவாகத் தெரிந்தது. அதுவரை எங்கள் பெயரைக் கேட்டால் தொலைபேசியை வைத்துவிடும் பொம்மைக் கடைக்காரர்கள் தாங்களாகவே அழைத்து இருபது வேண்டும், முப்பது வேண்டும் என்றார்கள். மார்ச் பன்னிரண்டாம் தேதி சகாய் கிடங்கு காலி.

முதலாளி விலாங்கு மீன் சோறு வரவழைத்துப் பேச்சு நிகழ்த்தினார். “நான் சொன்னேனா இல்லையா? பழசு ஒழிஞ்சுது, புதுசு வித்துது! பழசுதான் இந்தத் தொழிலுக்குப் புடிச்ச கரையான்!”

“அப்ப ரெண்டாம் பாகம் சார்?” என்றாள் நுகாதா.

“தாராளமா ஆரம்பி!”

அப்போது கணக்குப் பிரிவு அம்மாள் சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “எதை வச்சு சார்? விளம்பரப் பணம் தீந்துது. பத்தலன்னு ரெண்டாம் பாகத்துக்கு ஒதுக்கினதையும் எடுத்துட்டோம். வித்த காசு பொம்மைக் கடைகள்லேந்து ஜூலைலதான் வரும். ஏப்ரல்லேந்து நாலு பேருக்குச் சம்பளம் இல்ல.”

விலாங்கு மீன் ஆறிக்கொண்டிருந்தது. பச்சிங்கோக்காரர்கள் ஏப்ரல் முதல் தேதி ஆட்களை எதிர்பார்த்தார்கள்.

“பணமா ஒண்ணுமே இல்லியா?”

“பணமா இல்ல. கேசட்டா இருக்கு.” அம்மாள் சுவரைக் காட்டினார்.

முதலாளிக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. “பழைய கேசட் கடையில விக்கிறதா? நானா? முகாய் போவான்.”

“நான் போக முடியாது சார்” என்றேன். “பழைய பொருள் விக்கிறவங்க பேர், விலாசம், வயசு, தொழில் எல்லாம் கடைக்காரங்க புத்தகத்துல எழுதணும், சட்டம். பொருள் யாருதோ அவங்கதான் விக்கணும். அறுநூத்தி நாப்பது கேசட்டோட நான் போய் நின்னா நேரா ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க.”

“ரயில் ஸ்டேஷன் இல்ல சார்” என்றாள் நுகாதா.

“நல்ல வேளை, ரசீது எல்லாம் கம்பெனி பேர்ல இருக்கு” என்று அம்மாள் ஆறுதல் சொன்னார்.

கீழே பொத்தான் வியாபாரியிடம் இரண்டு தள்ளுவண்டி இரவல் வாங்கினோம். ஒன்றை நானும் ஒன்றை நுகாதாவும் தள்ளினோம். முதலாளி இருபதடி முன்னால், எங்களுக்குச் சம்பந்தமில்லாதவர்போல நடந்தார். தொப்பி இப்போது அவர் தலையில் இருந்தது.

மினோவா வண்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “தங்கச்சிங்களுக்குப் பிடிக்கலியா அண்ணே?”

முதலாளி முன்னே வந்தார். மினோவா புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

“பேரு?”

“ஷியோமி.”

“வயசு?”

“அம்பத்தேழு.”

“தொழில்?”

முதலாளி சுவரைப் பார்த்தார். “கம்பெனி நடத்துறேன்.”

“என்ன கம்பெனி?”

“வெளையாட்டுச் சாமான்.”

“முதலாளி, இது போலீஸ் வந்து பாக்குற புத்தகம். கபடி ஆடுறவரா பந்து விக்கிறவரான்னு அவங்க என்னையில்ல கேப்பாங்க. தெளிவா எழுதுங்க.”

கபடி என்பதும் என் கைவரிசை; அவர் சொன்னது சுமோ. முதலாளி தெளிவாக எழுதினார்: கொகேரா நிறுவனம், முதலாளி. பேனாவை அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் பதிந்தது.

மினோவா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். “இதுல மையால பேர் எழுதியிருக்கு. ‘ஹயாசே, மூணாம் வகுப்பு பி பிரிவு.’ இதுக்குக் கழிக்கணும். இது மூலை ஒடஞ்சிருக்கு. இதுல அட்டை இல்ல.” ஒரு கேசட்டைக் கருவியில் செருகினார். திரையில் பனி கொட்டியது. முன்பு விளையாடியவன் நிறுத்திய இடம் அப்படியே பதிவாகியிருந்தது. கடைசி ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் ரயில் நின்றுகொண்டிருந்தது.

“ஐயோ, இந்த எடம் வரைக்கும் வந்துட்டு வித்துட்டானே” என்றாள் நுகாதா. “இன்னும் நாலு நிமிஷம் தள்ளியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“அடுத்து வாங்குறவன் தள்ளுவான்மா” என்றார் மினோவா. பிறகு முதலாளியிடம், “ஒண்ணு ஐநூறு” என்றார்.

“ஐநூறா! வெளியில 9200ன்னு போட்டிருக்கே!”

“அது ஒண்ணு இருக்கும்போது. இப்ப அறுநூத்தி நாப்பத்தொண்ணு இருக்கு. கிடைக்காத வரைக்கும்தான் அந்த வெல. கொண்டு வந்துட்டீங்களே.”

நுகாதா வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐநூறு வீதம் என்றால் நால்வருக்கும் ஒரு மாதச் சம்பளம்கூட வராது. அவள் உதடு அசைந்தது. மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் முதலாளி பேசினார். அவர் பேசியதிலேயே நல்ல பேச்சு அது. விலாங்கு மீன் பேச்செல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது.

“பழசுன்னா மட்டமா அம்மா? ஒரு கேசட்ட வித்து அந்தக் காசுலதானே பசங்க அடுத்த புது கேசட் வாங்குறாங்க! பழசுக்கு வெல உண்டுன்னு தெரிஞ்சாத்தான் 8800 குடுக்க அப்பன்காரனுக்குத் தைரியமே வரும்! ஒரு கேசட் நாலு வீட்டுக்குப் போகுது. நாலு பேர் நாப்பது பேர்கிட்டச் சொல்றான். விளம்பரத்துக்கு நான் கொட்டின காசு செய்யாத வேலைய இது சும்மா செய்யுது! ஹிமேஜியில ஒரு பொண்ணு... முகாய், அந்த அட்டை எங்கய்யா?”

கோப்பில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். முதலாளி உரக்கப் படித்தார். 1480ஐத் தாண்டினார். கடைசி வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. அதை இன்னொரு முறை மனசுக்குள் படித்தார்.

“பாருங்க, எழுதியே குடுத்திருக்கா!” என்று அட்டையை ஆட்டினார். “பழச வாங்கினவதான் புதுச வாங்கக் காசு சேத்து வச்சிருக்கா!”

“அப்ப பழசு விக்கிறது உங்க தொழிலுக்கு நல்லதுங்கிறீங்க.”

முதலாளி இருமினார்.

“காதுல விழல.”

“நல்லதுதான்.”

“இதை எழுதிக் குடுத்தீங்கன்னா ஒண்ணு 3500. இந்தத் தெருவுல இன்னும் நாலு கடை இருக்கு, பங்கு போட்டுக்குவோம். முதலாளியே சொன்னா சனம் வாங்கும்.” மினோவா வெள்ளை அட்டையையும் தூரிகைப் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

முதலாளி நுகாதாவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினார்: ‘பழைய கேசட்டைத் தயங்காமல் வாங்குங்கள். இன்று பழையதை விளையாடுகிறவரே நாளை புதியதை வாங்குவார். கொகேரா நிறுவன முதலாளி ஷியோமி.’ கீழே தன் முத்திரையும் குத்தினார். நல்ல கையெழுத்து அவருக்கு.

நுகாதாவின் குழு ஏப்ரல் முதல் தேதி அதே மேசையில் உட்கார்ந்தது.

இரண்டாம் பாகம் மறு வருஷம் டிசம்பரில் வந்தது. பதினைந்தாயிரம் போட்டோம், நன்றாகப் போனது. முதலாளி பழசையெல்லாம் மறந்திருந்தார். பெட்டியின் பின்னால் சிவப்பில் ஒரு வரி அச்சடிக்கச் சொன்னார்: ‘மறுவிற்பனை கூடாது.’

வந்த கருத்து அட்டைகளில் 57ஆம் எண் ஹிமேஜியிலிருந்து. இந்த முறை எங்கள் அட்டையிலேயே எழுதியிருந்தாள். ‘சொன்னபடி புதிதாக வாங்கினேன். முடித்துவிட்டேன். விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். பெட்டியில் கூடாது என்று போட்டிருக்கிறது. ஆனால் ஒசாகாவில் ஒரு கடையில் உங்கள் முதலாளி தயங்காமல் வாங்குங்கள் என்று எழுதியிருப்பதை அப்பாவும் நானும் பார்த்தோம். எது சரி?’

முதலாளி இதை முழுதாகப் படித்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். “கெளம்பு” என்றார்.

தனுகியில் இரண்டாம் பாகத்தின் பழைய கேசட் ஏற்கெனவே நான்கு இருந்தன. அவற்றின் மேல், கண்ணாடிச் சட்டம் போட்டு, முதலாளியின் அட்டை.

“அதத் திருப்பிக் குடுங்க” என்றார் முதலாளி.

“ஏன் முதலாளி?”

“அது என் கையெழுத்து.”

“கையெழுத்து உங்களுது. அட்டை என்னுது. காசு குடுத்து வாங்கினது. 3500 வீதம், அறுநூத்தி நாப்பது தடவ குடுத்திருக்கேன்.”

முதலாளி பெருமூச்சு விட்டார். “வெல சொல்லுங்க.”

மினோவா சட்டத்தைக் கழற்றி, தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி, அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “மூல மடங்கியிருக்கு. வெயில்ல கொஞ்சம் வெளுத்திருக்கு. பழசுதானே, 8800 குடுங்க.”

முதலாளி எண்ணிக் கொடுத்தார். மினோவா காகிதத்தில் சுற்றி, பையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

“ரசீது யார் பேருக்கு முதலாளி?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“வேண்டாம்” என்றார்.

அலுவலகத்துக்கு வந்ததும் 57ஆம் எண்ணுக்குப் பதில் எழுதினேன். கேசட் உன்னுடையது, விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் விருப்பம் என்று எழுதினேன். அந்தக் கடையில் பார்த்த அட்டை இனி அங்கே இருக்காது என்பதையும் தெரிவித்தேன். எங்கள் முதலாளியே அதை வாங்கிவிட்டார், பழையதாக.